இருமல் நின்றுவிட்டது, மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்து, தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே வெருலத்தில் எட்டு வருடமாக இருக்கிறேன். என் மாமியாருக்கு வயது 61. வலது மார்பில் கட்டி வந்து, ஆபரேஷனும் கீமோவும் முடிந்த பிறகு மார்புக்கும் காறை எலும்புக்கு மேலேயும் 15 முறை கரண்ட் வைத்தார்கள். ஏப்ரல் நடுவில் அது முடிந்தது. ஜூன் கடைசியில் வறட்டு இருமல் ஆரம்பித்தது. படி ஏறினால் மூச்சு வாங்கியது, சாயங்காலமானால் லேசான காய்ச்சல். இரண்டு முறை ஆன்டிபயாடிக் கொடுத்தும் கேட்கவில்லை. பிறகு சிடி ஸ்கேன் எடுத்துப் பார்த்து, கரண்டினால் நுரையீரலில் வந்த அழற்சி என்று சொல்லி, பிரெட்னிசோன் 50 மில்லிகிராம் கொடுத்தார்கள். ஐந்தே நாளில் இருமல் நின்றுவிட்டது. ஆனால் சர்க்கரை 17, 18 என்று ஏறுகிறது, ராத்திரி தூக்கமும் இல்லை. மாத்திரையை நிறுத்திவிடலாமா? கரண்ட் எப்போதோ முடிந்ததே, அது இப்போது எப்படித் தாக்கும்? அக்கம்பக்கத்தில் டிபி என்று பேசுகிறார்கள். பேரப்பிள்ளைகளைக் கிட்டே விடலாமா? ஆடிக் கூழுக்கு எங்கள் கோயிலில் அவர்தான் வருடாவருடம் பானை முன் நிற்பார். இந்த வருடம் போகலாமா?

பதில்: நிறுத்தக் கூடாது. சர்க்கரைக்கும் தூக்கத்துக்கும் வேறு வழி இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன். ஆனால் ஏன் நிறுத்தக் கூடாது என்பது புரியாமல், 5 மில்லிகிராம் மாத்திரையில் பத்தை, அதாவது ஒரு கைப்பிடியை, தினமும் காலையில் எண்ணிக் கொடுத்துக்கொண்டிருப்பது யாருக்கும் கஷ்டம்தான். அதனால் உங்கள் இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது புரிந்தால் மற்றவற்றுக்கு விடை பாதி தானாக வந்துவிடும்.

கரண்ட் என்று ஊரில் சொல்லிப் பழகிவிட்டோம், நானும் நோயாளிகளிடம் அப்படித்தான் சொல்கிறேன். உண்மையில் உடம்புக்குள் மின்சாரம் எதுவும் போவதில்லை. போவது வீரியமான எக்ஸ் கதிர். மெஷினை அணைத்த நொடியே அதுவும் இல்லை. விளக்கை அணைத்த அறையில் வெளிச்சம் எப்படித் தங்காதோ, அப்படித்தான் மாமியின் உடம்பிலும் கதிர் தங்கவில்லை. கதிரைப் பொறுத்தவரை பேரப்பிள்ளைகள் மடியில் ஏறி உட்காரலாம், டிபி பேச்சுக்குப் பின்னால் வருகிறேன். ஏப்ரலில் நடந்தது ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. ஜூனில் இருமியது, அந்த அடிக்குத் திசு எழுதிக்கொண்டிருந்த பதில்.

மார்புக்குக் கதிர் கொடுக்கும்போது நேராக நெஞ்சைக் குத்துவது போலக் கொடுப்பதில்லை. மார்பைச் சீவிக்கொண்டு போவது போலப் பக்கவாட்டில் சாய்த்துக் கொடுக்கிறோம். அப்படியும் விலா எலும்புக்குப் பின்னால் உள்ள நுரையீரலில் ஒரு பட்டை, இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்துக்கு, கதிரின் வழியில் மாட்டிக்கொள்ளும். உங்கள் மாமிக்குக் காறை எலும்புக்கு மேலேயும் கொடுத்திருக்கிறார்கள், ஆக நுரையீரலின் உச்சியும் சேர்ந்துகொண்டது. அடுத்த முறை போகும்போது ஸ்கேனைத் திரையில் காட்டச் சொல்லிப் பாருங்கள். வெள்ளையாகத் தெரியும் அந்தத் திட்டின் ஒரு விளிம்பு ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல இருக்கும். கிருமியால் வரும் நிமோனியாவுக்கு நுரையீரலின் மடல்கள்தான் வரப்பு, அது அந்த வரப்பைப் பார்த்துத்தான் பரவும். கதிருக்கு மடல் எது, இடுக்கு எது என்று தெரியாது. அது போன பாதையை மட்டும் படம் வரைந்துவிட்டுப் போகிறது. உங்கள் டாக்டர் ஸ்கேனைப் பார்த்ததும் இதைச் சொன்னதற்கு அந்த நேர்கோடுதான் காரணமாக இருக்கும்.

மார்புக்குக் கதிர் வைத்தவர்களில் நூற்றுக்கு ஒருவரிலிருந்து ஐந்து பேர் வரைக்கும் இப்படி இருமலும் மூச்சுத் திணறலும் வரலாம். காறை எலும்புப் பக்கமும் சேர்த்துக் கொடுத்தால் வாய்ப்பு கொஞ்சம் கூடும். புதிதாகக் கண்டுபிடித்த சங்கதியும் இல்லை, 1920-களிலேயே எழுதிவைத்துவிட்டார்கள்.

சரி, உள்ளே என்ன நடந்தது?

செல்லுக்குள் பெரும்பகுதி தண்ணீர். கதிர் அந்தத் தண்ணீரை உடைக்கிறது. உடைந்த துண்டுகளில் ஹைட்ராக்சில் என்று ஒன்று, கண்மூடித் திறப்பதற்குள் பக்கத்தில் இருப்பதைக் கடித்துவிடும் ராட்சசன். பக்கத்தில் டிஎன்ஏ இருந்தால் அதையும் கடிக்கும். கிரே என்பது கதிரை அளக்கும் அலகு; ஒரு கிரே அளவு கதிர் பட்டால் ஒரு செல்லின் டிஎன்ஏ ஏணியில் ஒரு பக்கக் கம்பி மட்டும் அறுந்த இடங்கள் ஆயிரம் வாக்கில், இரண்டு கம்பியும் சேர்ந்து அறுந்தவை நாற்பது வாக்கில் இருக்கும். 15 முறை முறைப்படி கொடுப்பதில் ஒரு தடவைக்கு இரண்டரை கிரேக்குச் சற்று மேல். ஒற்றை அறுப்பு பெரும்பாலும் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். இரட்டை அறுப்பில்தான் வம்பு. அதை ஏடிஎம் என்ற நொதி மோப்பம் பிடித்து, பி53 என்ற புரதத்துக்குத் தகவல் கொடுக்கும். பி53 செல்லைப் பார்த்து "இப்போது பிரியாதே, முதலில் சரி பண்ணு" என்று நிறுத்திவைக்கும். சரி பண்ண முடியாது என்று தெரிந்தால் செத்துப்போகச் சொல்லும், அல்லது உயிரோடு இருந்தும் இனிமேல் பிரியாத கிழட்டு நிலைக்குத் தள்ளிவிடும்.

நுரையீரல் என்பது முப்பது நாற்பது கோடிக் காற்றுப் பைகள். அவற்றின் உள்சுவரில் இரண்டு வகைச் செல்கள். முதல் வகை ஓலைத் தட்டி மாதிரி மெலிசாகப் பரந்து, சுவரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கை மூடிக்கொண்டிருக்கும். ஆக்சிஜன் அதன் வழியாகத்தான் ரத்தத்துக்குப் போகும். இரண்டாம் வகை குண்டாக, மூலைகளில் உட்கார்ந்திருக்கும். பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஆனால் வீடு நடப்பது அதனால்தான். காற்றுப் பை சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சோப்பு போன்ற பசையைச் சுரப்பது அது. முதல் வகைச் செல் செத்தால் தான் பிரிந்து அதன் இடத்தை நிரப்புவதும் அதுதான். கதிர் அந்த இரண்டாம் வகையைத்தான் பதம் பார்க்கிறது.

இப்போது தாமதத்துக்கு வருவோம். நுரையீரல் செல்கள் அவசரமாகப் பிரிகிறவை அல்ல. தொண்டைத் தோலும் வாய்த் தோலும் வாரக்கணக்கில் புதுப்பிக்கப்படும், அதனால்தான் கதிர் வைக்கும்போதே அங்கே எரிச்சல் தெரிகிறது. நுரையீரலின் செல், டிஎன்ஏவில் அடிபட்டும் தன்பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருக்கும். வாரங்கள் கழித்துப் பழைய செல்லுக்குப் பதில் புதுச் செல் வேண்டும் என்று பிரியப் போகும்போதுதான் முடியாமல் சரியும். வெளியிலிருந்து பார்த்தால் மே மாதம் முழுக்க மாமி சுகமாகத்தான் இருந்திருப்பார். நீறு பூத்த நெருப்பு என்போமே, அதுதான்.

நீற்றுக்கு அடியில் என்ன நடக்கிறது என்பதை விஞ்ஞானிகள் தெளிவாகப் பிடித்தது 1990-களில். அதுவரை இந்த இடைவெளியில் ஒன்றும் நடக்கவில்லை என்றே பலரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். பிலிப் ரூபின் என்ற அமெரிக்க மருத்துவரின் குழு 1995-இல் எலிகளில் காட்டியது வேறு கதை. கதிர் பட்ட சில மணி நேரத்திலேயே செல்கள் ஒன்றுக்கொன்று சைட்டோகைன் என்ற தூதுப் புரதங்களை அனுப்பத் தொடங்குகின்றன, அது வாரக்கணக்கில் ஓயவே இல்லை. டிஎன்எஃப்-ஆல்ஃபா, இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6 என்று வரிசையாக வருகிறவை எல்லாம் "இங்கே அடிபட்டிருக்கிறது, ஆள் அனுப்பு" என்று கத்துகிற புரதங்கள். கத்தல் கேட்டு, குப்பையை விழுங்கும் மேக்ரோஃபேஜ் என்ற செல்கள் வரும், நோயை எதிர்க்கும் நிணச் செல்கள் வரும். மெல்லிய ரத்தக் குழாய்களின் உள்சுவர்ச் செல்களும் கதிரில் அடிபட்டிருப்பதால், இடையில் நீர் கசிந்து காற்றுப் பையின் சுவர் தடிக்கும். தடித்த சுவர் விறைக்கும், இருமலைத் தூண்டும், ஆக்சிஜனை மெதுவாக விடும். மாமிக்குப் படியில் மூச்சு வாங்கியது இதனால். இதில் ஒரு வேடிக்கை: ஒரு பக்க மார்புக்கு மட்டும் கதிர் வைத்தவர்களின் நுரையீரலைக் கழுவிப் பார்த்தால், கதிரே படாத அடுத்த பக்கத்திலும் நிணச் செல்கள் கூடியிருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். அடி ஓரிடத்தில்தான், ஆர்ப்பாட்டம் வீடு முழுக்க.

இந்தப் புரதங்களில் ஒன்றை மட்டும் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். பெயர் டிஜிஎஃப்-பீட்டா. நம் திசுக்களில் இது எப்போதும் இருப்பு இருக்கிறது, ஆனால் ஒரு புரத உறைக்குள் கிடக்கிறது. உறையோடு இருக்கும்வரை வாள் யாரையும் வெட்டாது. கதிர் தண்ணீரை உடைத்து உண்டாக்கிய அந்தக் கடிக்கிற துண்டுகள் இந்த உறையையும் கடித்துவிடுகின்றன. எலியின் மார்புத் திசுவில் கதிர் பட்ட சில மணி நேரத்துக்குள் உறை குறைந்து, திறந்த டிஜிஎஃப்-பீட்டா கூடுவதை 1994-இல் படம் பிடித்தே காட்டினார்கள். அடிபட்ட சுவர்ச் செல்களும் தங்கள் மேல் இன்டெக்ரின் என்ற கொக்கிகளை முளைக்கவைத்து, உறையை இழுத்துக் கழற்றும். வெளியே வந்த டிஜிஎஃப்-பீட்டா, ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற நார்ச் செல்லின் கதவைத் தட்டும். உள்ளே ஸ்மாட் என்ற தூதர்கள் செய்தியை உட்கருவுக்குக் கொண்டுபோவார்கள். செய்தி ஒன்றுதான்: கொலாஜன் என்ற நார்ப் புரதத்தை நெய். புண் ஆறும்போது தழும்பு போடுவதும் இதே செய்தி, இதே ஆட்கள்தான். தோலில் அது நல்லது. காற்றுப் போக வேண்டிய இடத்தில் தழும்பு விழுந்தால் அந்த இடம் காற்றுக்கு இல்லை.

இது ஒரு சுற்றாகவும் சுழலும். கொலாஜன் கூடினால் நுண்குழாய் நசுங்கும். குழாய் நசுங்கினால் ஆக்சிஜன் குறையும். ஆக்சிஜன் குறைந்த இடத்தில் மேக்ரோஃபேஜ் இன்னும் டிஜிஎஃப்-பீட்டாவைச் சுரக்கும். அது இன்னும் கொலாஜனைக் கேட்கும். இந்தப் பகுதி மெதுவானது. ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடம் வரை எடுத்துக்கொண்டு தழும்பு உருவாகும்.

இப்போது மாமி விழுங்கும் பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு இதில் எங்கே கை வைக்கிறது? அது செல்லுக்குள் போய், அந்தக் கத்துகிற புரதங்களை எழுதவைக்கும் என்எஃப்-கப்பா-பி என்ற மேஸ்திரியை வாயடைத்துவிடும். அது வேகமான வேலை, அதனால்தான் ஐந்து நாளில் இருமல் போனது. ஆனால் சரிந்த சுவரைத் திரும்பக் கட்ட இரண்டாம் வகைச் செல்கள் பிரிந்து, பரந்து, இடத்தை மூட வேண்டும். அதற்கு வாரங்கள் ஆகும். அதற்குள் மேஸ்திரியை அவிழ்த்துவிட்டால் கத்தல் மறுபடி ஆரம்பிக்கும், சில சமயம் முதலில் இருந்ததைவிட மோசமாக. சடாரென்று நிறுத்தித் திரும்பி வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். இரண்டாவது முறை இன்னும் நாள் கூடுதலாகச் சாப்பிட வேண்டி வருகிறது, முதல் முறை மிச்சம் பிடித்ததெல்லாம் வட்டியோடு போய்விடும். போதாக்குறைக்கு, சில வாரம் ஸ்டீராய்டு உள்ளே போனால் உடம்பின் அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், வாந்தி, ரத்த அழுத்தம் இறங்குவது என்று தனி ஆபத்து. வழக்கம் என்னவென்றால் இரண்டு வாரம் வாக்கில் முழு அளவு, அப்புறம் ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை படிப்படியாக இறக்கி, மொத்தம் ஒன்றரை மாதத்திலிருந்து மூன்று மாதம். உங்கள் டாக்டர் எழுதிக் கொடுத்த படி எதுவோ அதை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள்.

தழும்பைப் பிரெட்னிசோன் தடுக்காது. இதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஆனால் மாமியின் விஷயத்தில் அடிபட்டது ஒரு பட்டையும் உச்சியும்தான். அங்கே தழும்பு விழுந்தாலும் அன்றாட வாழ்க்கையில் பெரும்பாலோருக்குத் தெரியவே தெரியாது. யாருக்குத் தழும்பு அதிகம் விழும் என்பதில் பிறவிக் கூறும் இருக்கிறது. ஒரே அளவு கதிர் கொடுத்தும் ஒரு எலி இனத்துக்குத் தழும்பு கெட்டியாக விழுகிறது, இன்னொரு இனம் அழற்சியோடு நிற்கிறது. 2017-இல் வந்த ஓர் ஆய்வில், அந்தக் கிழட்டுச் செல்களைத் தேடிக் கொல்லும் ஒரு மருந்து எலிகளின் தழும்பைப் பின்வாங்கவே வைத்தது. ஆர்வமான செய்திதான், ஆனால் எலிச் செய்தி. அதை நம்பி இணையத்தில் எதையும் வாங்காதீர்கள்.

அடுத்து டிபி. அக்கம்பக்கத்தார் பேசுவதைச் சும்மா தள்ளிவிட மாட்டேன். உலகத்திலேயே காசநோய் அதிகமாக உள்ள நாடுகளில் ஒன்றில் இருக்கிறோம். டிபியும் உச்சியில்தான் உட்கார விரும்பும், சாயங்காலக் காய்ச்சலும் அதன் வழக்கம்தான். ஸ்டீராய்டு கொடுத்தால் தூங்கும் டிபி எழும், எழுந்ததை மூடியும் மறைக்கும். ஆகவே ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: மாத்திரை ஆரம்பிக்கும் முன் சளியை ஜீன்எக்ஸ்பர்ட் சோதனைக்கு அனுப்பினார்களா? 2011-லிருந்து இந்த நாட்டு அரசு கிளினிக்குகளில் இருக்கிற சோதனை அது. அனுப்பவில்லை என்றால் இப்போதும் கேட்கலாம். வறட்டு இருமலில் சளி வராவிட்டால் உப்புநீர் ஆவி பிடிக்கவைத்து எடுப்பார்கள். டிபி இல்லை என்று வந்துவிட்டால், கதிர் அழற்சி யாருக்கும் தொற்றாது.

மாமி ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில் சாப்பிடுகிறாரா? எழுதவில்லை, ஆனால் இங்கே கிளினிக்கில் நிறையப் பேருக்கு அதைத்தான் கொடுக்கிறார்கள், அதற்கே வறட்டு இருமல் ஒரு பக்கவிளைவு. இதில் ஒரு முரண் என்னவென்றால், அதே குடும்ப மருந்தான கேப்டோப்ரில் எலிகளின் நுரையீரலைக் கதிரிலிருந்து ஓரளவு காத்திருக்கிறது. ஸ்டீராய்டில் இருமல் நின்றதால் இங்கே குற்றவாளி எனலாப்ரில் இல்லை என்றே நினைக்கிறேன். பின்னால் ஸ்டீராய்டு குறையும்போது இருமல் மட்டும், மூச்சு வாங்காமல், வந்தால் இதை டாக்டருக்கு நினைவுபடுத்துங்கள்.

சர்க்கரைக்கு வருகிறேன். 17 என்று எழுதியிருப்பது இந்த நாட்டு அளவு, ஊருக்குப் போனில் சொல்லும்போது 18-ஆல் பெருக்கி 306 என்று சொல்லுங்கள், அவர்களுக்கும் விளங்கும். காலை எட்டு மணிக்குப் பிரெட்னிசோன் போட்டால் சர்க்கரை மதியத்துக்கு மேல் ஏறி, ராத்திரிச் சாப்பாட்டு வேளையில் உச்சத்தில் நிற்கும், விடியும்போது இறங்கியிருக்கும். வெறும் வயிற்றில் மட்டும் பார்த்துவிட்டு "நன்றாகத்தானே இருக்கிறது" என்று ஏமாறுவது இதனால்தான். மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்தும், ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னும் பாருங்கள். நான்கு நாள் எழுதிவைத்த தாளோடு கிளினிக்குக்குப் போங்கள், அடுத்த மாத அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம். சர்க்கரை மாத்திரையைக் கூட்டுவார்கள், அல்லது காலையில் மட்டும் ஒரு இன்சுலின் சேர்ப்பார்கள். ஸ்டீராய்டு இறங்க இறங்க அதையும் இறக்க வேண்டும், மறந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். தூக்கத்துக்கு வழி எளிது: அன்றைய பிரெட்னிசோன் முழுவதையும் காலை உணவோடு ஒரே வேளையாகக் கொடுத்துவிடுங்கள், பிரித்துச் சாயங்காலத்துக்கு வைக்காதீர்கள்.

20 மில்லிகிராமுக்கு மேல் ஒரு மாதம் தாண்டும் என்றால், நுரையீரலில் வேறொரு பூஞ்சைத் தொற்று வராமல் இருக்க கோ-ட்ரைமாக்சசோல் வேண்டுமா என்று கேளுங்கள். வேண்டும் என்று கொடுத்து, எனலாப்ரிலும் ஓடிக்கொண்டிருந்தால், ரத்தத்தில் பொட்டாசியம் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்து அதை ஏற்றும்.

மஞ்சளும் மிளகும் போட்ட பால் கொடுக்கலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள், தெரியும். வீட்டுப் பால் பரவாயில்லை. மஞ்சள் சத்து, மிளகுச் சத்து என்று கடையில் விற்கும் வீரிய மாத்திரைகள் வேண்டாம். மார்புப் புற்றுநோய் திரும்பாமல் இருக்கக் கொடுக்கும் தமாக்சிஃபென் மாத்திரையை மாமி சாப்பிடுகிறவராக இருந்தால் அவை அதன் வேலையைக் குறைக்கக்கூடும் என்று ஒரு சிறு ஆய்வு சொல்கிறது.

ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும், கோவிட் காலத்தில் வாங்கிய விரல் மீட்டர் அலமாரியில் இருக்கும், எடுத்து வெளியே வையுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது 92-க்குக் கீழே வந்தாலோ, வீட்டுக்குள் ஒரு நிமிடம் நடந்ததில் நான்கு புள்ளி இறங்கினாலோ அன்றே காட்ட வேண்டும். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலும், இருமலில் ரத்தம் வந்தாலும் அப்படியே. திடீரென்று மூச்சடைப்பும் நெஞ்சுவலியும் வந்து, ஒரு கால் மட்டும் வீங்கியிருந்தால் அது வேறு கதை, நுரையீரலில் ரத்தக்கட்டி. அதற்கு ஆம்புலன்ஸ்தான்.

இந்த ஸ்கேன் சிடியையும் கதிர் சிகிச்சைச் சுருக்கத் தாளையும் பத்திரமாக வையுங்கள். இரண்டு வருடம் கழித்து வேறொரு டாக்டர் எக்ஸ்ரேயில் அந்த உச்சித் தழும்பைப் பார்த்து, புற்றுநோய் திரும்பிவிட்டதோ, டிபியோ என்று வீட்டையே கலங்கடிக்காமல் இருக்க அதுதான் சாட்சி.

கூழ் பூஜைக்குத் தாராளமாகப் போகட்டும். பானையை மட்டும் இந்த வருடம் நீங்கள் கிண்டுங்கள். விறகுப் புகை, கற்பூரம், சாம்பிராணி மூன்றும் ஒரே தகரக் கூரைக்கடியில் சேர்ந்தால் ஆறிக்கொண்டிருக்கும் நுரையீரலுக்கு ஆகாது. காற்று வரும் பக்கமாக ஒரு நாற்காலி போட்டு, அங்கிருந்தே அதிகாரம் பண்ணச் சொல்லுங்கள். கரும்புத் தோட்டத்துக்குத் தீ வைக்கிற நாட்களிலும், கொடியில் காயும் துணியில் கறுப்புச் சாம்பல் விழுகிறதென்றால், ஜன்னலைச் சாத்திவிட்டு அவரை உள்ளேயே இருக்கச் சொல்லுங்கள். கூழ் குடிக்கலாம். இனிப்புக் கூழ் மட்டும் அரை டம்ளரோடு போதும், அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் விரலைக் குத்திப் பார்த்து எழுதிவையுங்கள்.